புதுக்கோட்டை: நகரச் சூழலும் மனநலமும்

நகரம் பெருத்தால் மனநோயும் பெருகும் என்ற பொதுக் கருத்தைப் புதுக்கோட்டை மாவட்டத்துக்கு அப்படியே பொருத்த முடியாது. 2011 கணக்கெடுப்பின்படி மாவட்ட மக்கள்தொகை 16,18,345. அதில் ஐந்தில் ஒருவர்தான் நகரவாசி. பெங்களூருவிலுள்ள நிம்ஹான்ஸ் மனநல நிறுவனம் 2015–16இல் தமிழ்நாடு உட்பட 12 மாநிலங்களில் நடத்திய தேசிய மனநல ஆய்வில், மனநலப் பாதிப்பு பெருநகரங்களில் 13.5 விழுக்காடாகவும் கிராமங்களில் 6.9 விழுக்காடாகவும் இருந்தது. பெருநகரம் அல்லாத நகரங்களில் 4.3 விழுக்காடுதான். 2024இல் மாநகராட்சி ஆகிவிட்டாலும் புதுக்கோட்டை இந்தக் கடைசி வகையைச் சேர்ந்த ஊர்.

ஊரின் அமைப்பும் மனநலத்துக்கு ஓரளவு உதவுகிறது. தீக்கிரையான பழைய ஊரை, 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தொண்டைமான் மன்னர் நேர்க்கோட்டுத் தெருக்களோடு மீண்டும் எழுப்பினார். 1878இல் திவானாக வந்த சேஷையா சாஸ்திரி பல்லவன்குளத்தையும் புதுக்குளத்தையும் சீர்படுத்தினார். குடிநீருக்காகச் செய்த அந்த வேலையின் பலனை இன்று அனுபவிப்பவர்கள், காலையிலும் மாலையிலும் புதுக்குளக் கரையில் நடப்பவர்கள். பசுமை குறைந்த இடத்தில் வளரும் குழந்தைகளுக்குப் பிற்காலத்தில் மனநோய் வரும் வாய்ப்பு 55 விழுக்காடு வரை கூடுதலாக இருப்பதாக 2019இல் வெளியான டென்மார்க் ஆய்வு கூறுகிறது. அதனால், குளத்துக்கு நீர் கொண்டுவரும் வரத்துவாரிகளை அடைத்துக் குளத்தில் சாக்கடையை விடுவதை நீர்ப் பிரச்சினையாக மட்டும் பார்ப்பது போதாது.

மாசுகளில் உடனடியாக மனத்தைத் தாக்குவது இரைச்சல். தூக்கம் கெட்டால் எரிச்சல், பதற்றம், மனச்சோர்வு என்று ஒன்றன்பின் ஒன்றாக வரும். 2000ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள் குடியிருப்புப் பகுதிக்குப் பகலில் 55, இரவில் 45 டெசிபல் என்று வரம்பு வைத்துள்ளன. இரவு என்பது பத்து மணி முதல் காலை ஆறு வரை. திருவிழாக் காலத்து மைக் செட்டுக்கும் பேருந்துகளின் ஏர் ஹாரனுக்கும் இந்த எண்கள் தெரிந்ததாகத் தோன்றவில்லை. கல் குவாரியும் கிரஷரும் உள்ள ஊர்களில் வெடிச் சத்தமும் தூசியும் சேர்ந்துகொள்கின்றன. நுண்துகள்கள் உடலில் அழற்சியைத் தூண்டி மூளையையும் பாதிக்கலாம் என்பது இப்போது ஆராயப்பட்டுவருகிறது.

டெசிபலாலும் நுண்துகள் அளவாலும் அளக்க முடியாத மாசும் உண்டு. அன்னவாசல் ஒன்றியம் வேங்கைவயலில், பட்டியல் சாதிக் குடும்பங்களுக்கான மேல்நிலை நீர்த்தொட்டியில் மலம் கலக்கப்பட்டது 2022 டிசம்பரில் தெரியவந்தது. வழக்கு சிபிசிஐடிக்கு மாற்றப்பட்டது. நீரைச் சோதித்துச் சுத்தம் என்று சான்றளிக்கலாம். மலம் கலந்த நீரைக் குடித்தவர்களின் அவமானத்துக்கும் அருவருப்புக்கும் அச்சத்துக்கும் சோதனைச் சாலை இல்லை. சூழலும் மனநலமும் பற்றிய நூல்கள் சாதியைப் பெரும்பாலும் தொடாமலே போய்விடுகின்றன. இந்த மாவட்டத்தைப் பொறுத்தவரை அது பெரிய குறை.

சிகிச்சையின் தொலைவும் சூழலின் ஒரு பகுதியே. மனநல மருத்துவர் சாரதா மேனன் 1984இல் சென்னையில் நிறுவிய ஸ்கார்ஃப் என்ற மனநல அமைப்பு, 2010இல் புதுக்கோட்டைக் கிராமங்களுக்கு ஒரு பேருந்தை அனுப்பத் தொடங்கியது. நோயாளி அதில் அமர்ந்து, சென்னையிலுள்ள மனநல மருத்துவரோடு காணொளியில் பேச முடிந்தது. மருந்தும் பேருந்திலேயே கிடைத்தது. புதுக்கோட்டைக்கு அரசு மருத்துவக் கல்லூரி 2017இல்தான் வந்தது. 2022 அக்டோபர் முதல் 14416 என்ற டெலி மானஸ் மனநல உதவி எண்ணை நாட்டின் எந்த ஊரிலிருந்தும் இலவசமாக அழைக்கலாம்.