'லூட்' என்னும் சொல்: பொருளும் வரலாறும்

முறையற்ற வழியில் கைப்பற்றிய பொருளை ஆங்கிலத்தில் 'லூட்' என்பர். கொள்ளையைக் குறிக்கும் 'லூட்' என்னும் இந்திச் சொல்லே இதன் மூலம். கவர்தல் என்னும் பொருளுடைய 'லுண்ட்' என்னும் வடமொழி வினையடி அதற்கு வேராகும்.

ஆங்கிலத்தில் இப்பொருளுக்கு முன்பே 'பிளண்டர்' என்னும் சொல் இருந்தது. வீட்டுத் தட்டுமுட்டுப் பொருள்களைக் குறித்த ஜெர்மன் சொல்லோடு உறவுடைய இது, முப்பதாண்டுப் போர்க் (1618–1648) காலத்தில் ஆங்கிலத்தில் நுழைந்தது. 'லூட்' 1788ஆம் ஆண்டின் 'இண்டியன் வொகாபுலரி'யில் பதிவாகியுள்ளது. சீனப் போர், கிரிமியப் போர், 1857ஆம் ஆண்டுக் கிளர்ச்சி ஆகியவற்றின் காலத்தில் இது இங்கிலாந்திலும் ஏற்புப் பெற்றது என்று யூல், பர்னெல் தொகுத்து 1886இல் வெளிவந்த 'ஹாப்சன்-ஜாப்சன்' அகராதி கூறும். ஆக, இவ்விரு சொற்களும் போர்க்களங்களோடு தொடர்புடையன.

இவற்றோடு 'பிரைஸ்' என்னும் படைத்துறைச் சொல்லையும் ஒப்பிடுதல் தகும். 1799 மே 4இல் சீரங்கப்பட்டணம் வீழ்ந்தது. படைவீரர் தாமாகக் கவர்ந்தது குற்றமாகக் கருதப்பட்டது. தூக்குத் தண்டனையும் விதிக்கப்பட்டது. திப்புவின் கருவூலச் செல்வமோ குழு அமைத்து மதிப்பிடப்பட்டுப் பதவிக்கேற்பப் பங்கிடப்பட்டது, அதுவே 'பிரைஸ்'. திப்புவின் இயந்திரப் புலி இன்றும் இலண்டன் அருங்காட்சியகத்தில் உள்ளது.

இப்பொருளில் வழங்கும் 'பிரைஸ்', 'எடுக்கப்பட்டது' என்னும் பொருளுடைய பிரெஞ்சுச் சொல்லின் வழிவந்தது. தமிழில் 'கொள்ளை' என்பதும் 'கொள்' என்னும் வினையடியில் பிறந்ததே. சட்டம் வகுத்த வேறுபாடு சொற்பிறப்பில் இல்லை. பொருளை இழந்தோர்க்கும் அவ்வேறுபாடு இருந்திராது.