பேசா உயிரின் பிணியறிதல்

பசுவுக்கு நோய் கண்டால் அது அசைபோடுவதை நிறுத்தும். குழந்தைக்கு நோய் கண்டால் அது அழும். ஆனால், கண்ணாடித் தொட்டியில் வளரும் மீனின் முறையீடு எவர் செவிக்கும் எட்டுவதில்லை. அதன் நாடியைப் பிடித்துப் பார்க்கவும் இயலாது. நேற்றுவரை துள்ளித் திரிந்த மீன், காலையில் வெண்வயிறு மேலாக மிதப்பதைக் கண்டு திகைத்தவர்கள் நேயர்களுள்ளும் இருத்தல் கூடும். அந்த மீன் பெரும்பாலும் முன்னரே அடையாளம் காட்டியிருக்கும். அதனைப் படிக்கத்தான் நாம் அறிந்திருக்கமாட்டோம். அவ்வடையாளங்களைப் படிக்க மனிதன் கற்றுக்கொண்ட வரலாற்றையே இன்று கூறவிருக்கின்றேன்.

தங்கமீனை முதன்முதலாகப் பழக்கி வளர்த்தவர்கள் சீனர்கள். சொங் அரசமரபின் காலத்திலே குளங்களில் வளர்க்கப்பட்ட அம்மீன், மிங் மரபின் காலத்திலே பாண்டங்களிற் குடியேறி வீட்டினுள் புகுந்தது. பாண்டத்தினுள் மேலிருந்து குனிந்தே பார்க்கவேண்டும். 1596ஆம் ஆண்டளவில் வெளிவந்த லீ ஷிசென் என்னும் மருத்துவரின் பெருநூலிலே, வெண்பொப்ளர் மரத்தின் பட்டையை இட்டால் மீனுக்குப் பேன் பிடியாது என்ற குறிப்பு உண்டு. நீரிற் கலக்கும் சில பொருள்கள் மீனைக் கொல்லும் என்பதும் அங்கே கூறப்பட்டுள்ளது. அது வெளியிலிருந்து வந்து சேரும் நஞ்சு. மீன் தன் நீரைத் தானே நஞ்சாக்கும் என்பதற்கு விளக்கம் பிற்காலத்திலேயே கிடைத்தது.

1849ஆம் ஆண்டில், இலண்டனில் வாழ்ந்த றொபேட் வாரிங்டன் என்னும் இரசாயன அறிஞர், 12 கலன் கொள்ளும் கண்ணாடிப் பாத்திரமொன்றில் இரண்டு சிறு தங்கமீன்களையும் வலிசினேரியா என்னும் நீர்த்தாவரத்தையும் இட்டார். தாவரம் வெளிவிடும் ஒட்சிசன் மீனின் சுவாசத்திற்கு உதவும் என்பது அவர் எண்ணம். எண்ணம் பிழைக்கவில்லை, ஆயினும், வாடிய இலைகள் அழுகி நீர் கலங்கிற்று. அவர் சில நீர்நத்தைகளைக் கொண்டுவந்து விட்டார். அவை அழுகலைத் தின்றன, நீர் தெளிந்தது. 1850இல் இதனை அவர் இரசாயனக் கழகத்திற்கு அறிவித்தார். மீனின் நலத்தை நீரிலே தேடியமை இந்தச் சோதனையின் சிறப்பு.

1853இல் இலண்டன் விலங்குக் காட்சிச்சாலையில் மீனில்லம் திறக்கப்பட்டது. அதற்குத் துணைநின்ற பிலிப் ஹென்றி கொஸ் அடுத்த ஆண்டு எழுதிய நூல், வீடுதோறும் கண்ணாடித் தொட்டி வைக்கும் ஆசையைப் பரப்பியது. இப்பொழுது மீனைப் பக்கவாட்டில் பார்க்க முடிந்தது. செவுள்மூடியின் துடிப்பும், செட்டைகளை உடலோடு ஒடுக்கிக்கொள்ளும் சோர்வும் கண்ணுக்குத் தெரிந்தன. ஆயினும் காரணம் தெரியவில்லை. நீர் பளிங்குபோல் தெளிந்திருக்கவும், மீன் மேல்மட்டத்திற்கு வந்து வாய்திறந்து மூச்சு வாங்குவது ஏன்?

விடைக்கு வழி வேறோரிடத்தில் பிறந்தது. கழிவுநீரில் உள்ள அமோனியாவை நைத்திரேற்றாக மாற்றுவது உயிருள்ள நுண்ணங்கிகளே என்பதை, 1877இல் சுளோசிங், மியூன்ற்ஸ் என்னும் பிரெஞ்சு அறிஞர் இருவர் காட்டினர். 1890ஆம் ஆண்டளவில் வினோகிராட்ஸ்கி என்னும் உருசிய அறிஞர் அவ்வங்கிகளைப் பிரித்தெடுத்தார். மீன்தொட்டியிலும் இதே தொழில் நடைபெறுகின்றது. மீன் தன் செவுள்வழியே அமோனியாவை வெளிவிடுகின்றது. எஞ்சிய உணவும் அழுகி அதனைப் பெருக்குகின்றது. ஒருவகைப் பற்றீரியா அதனை நைத்திரைற்றாகவும், இன்னொருவகை அதனைத் தீமை குறைந்த நைத்திரேற்றாகவும் மாற்றும். புதிய தொட்டியில் இவை பெருகச் சில வாரங்கள் வேண்டும். அதற்குமுன் மீன்களை நிறைத்தால், கண்ணுக்குத் தெரியாத அமோனியா செவுளை அரிக்கும். நைத்திரைற்று குருதியைக் கபில நிறமாக்கி, ஒட்சிசனைச் சுமக்கும் ஆற்றலைக் கெடுக்கும். அப்பொழுது நீரில் ஒட்சிசன் இருந்தும் மீன் மூச்சுத் திணறும். வெப்பமும் ஒரு காரணமாகும். 0 பாகை செல்சியசில் ஒரு லீற்றர் நன்னீர் 14 மில்லிகிராமுக்கு மேற்பட்ட ஒட்சிசனைக் கொள்ளும். 30 பாகையில் கொள்வது ஏறத்தாழ ஏழரை மில்லிகிராமே.

சீனர் கூறிய பேனுக்கு ஒத்த பெயரொன்று மேல்நாட்டிலும் தோன்றியது. 1876இல் பூக்கே என்னும் பிரெஞ்சுக்காரர், மீனின் தோலில் உப்புத் தூவினாற்போல் வெண்புள்ளிகளை உண்டாக்கும் ஓரணு உயிரொன்றை விவரித்தார். அதற்கு அவர் இட்ட பெயரின் பொருள், 'பல பிள்ளைகளையுடைய மீன்பேன்' என்பதாகும். பெயர் பொருத்தமானதே. தோலினுள் வளர்ந்த ஒட்டுண்ணி கீழே உதிர்ந்து, உறையினுள் நூற்றுக்கணக்காகப் பிரிந்து, மீண்டும் மீனைத் தேடி நீந்தும். தோலினுள் இருக்கையில் மருந்து அதனை எட்டாது. நீந்தும் பருவத்திலேயே கொல்லும். ஆகவே, புள்ளி மறைந்தவுடன் மருந்தை நிறுத்தியவர் சில நாள்களில் நோய் திரும்பியதைக் கண்டு ஏமாறுவர். புள்ளி தோன்றுமுன்பே மீன் தன் உடலைக் கல்லில் உரசுவதுண்டு. அதுவே முதல் எச்சரிக்கை.

1904இல் மியூனிச் நகரத்துப் புறூனோ ஹோபர் மீன்நோய்களைத் தொகுத்துப் பெருநூல் வெளியிட்டார். 1936இல் ஹான்ஸ் செலியே, எலிகளை ஆராய்ந்து, பல்வேறு துன்பங்களும் உடலில் ஒரேவகையான மாறுதலை விளைப்பதைக் காட்டினார். இதனையே பின்னர் நெருக்கீடு என்றனர். மீனுக்கும் இது பொருந்துமெனப் பிற்கால ஆய்வுகள் காட்டின. நெரிசலும் அச்சமும் நீடித்தால் மீனின் உடலில் கோட்டிசோல் என்னும் ஓமோன் மிகுந்து, நோயை எதிர்க்கும் ஆற்றல் குன்றும்.

இங்கே நமது தீவின் மீனொன்றையும் நினைவுகூரலாம். தெரணியகல 1929இல் விவரித்த, சிங்களத்தில் 'லே தித்தெயா' எனப்படும் சிறுமீன் நமது ஈரவலய ஓடைகளுக்கே உரியது. இன்று உலகெங்கும் தொட்டிகளில் வளர்கின்றது. ஆண்மீனின் செந்நிறம் வெளிறினால், அது நெருக்கீட்டின் அடையாளமாயிருக்கலாம்.

ஆகவே நேயர்களே, இரையிடும் வேளையில் ஒரு நிமிடம் நின்று பாருங்கள். எல்லா மீனும் இரைக்கு வருகின்றனவா? செவுள் விரைந்து துடிக்கின்றதா? செட்டை ஒடுங்கியுள்ளதா? பல மீன்கள் ஒருங்கே மூச்சுத் திணறினால் முதலில் நீரை ஐயுறுங்கள். ஒரு மீன் மட்டும் ஒதுங்கி நின்றால் அதன் உடலை ஆராயுங்கள். நீர் கெட்டிருப்பின் அனைத்தையும் கொட்டிவிடாது ஒரு பகுதியை மாற்றுங்கள். குழாய்நீரில் குளோரின் கலந்திருப்பின் அதனை நீக்கியபின் ஊற்றுங்கள். மருந்துப் போத்தலைத் திறப்பது அதற்குப் பின்னர் ஆகட்டும்.