பொறியின் பிழையா, எழுதியவர் பிழையா?

யாழ்ப்பாணத்தார் நிலத்தைப் பரப்பிற் கணக்கிடுவர். பரந்தன் வயல்களில் வழங்குவது ஏக்கர்க் கணக்கு. அளவின் பெயரைக் குறியாது, "பத்து" என்று மட்டும் எழுதிய குறிப்பு இவ்விரண்டு இடத்தும் வெவ்வேறு பொருள் தரும். படிப்பவர் இருவர் மீதும் குற்றமில்லை. எழுதியவர் சொல்லாது விட்டதே பிழைக்குக் காரணம். கணினி வரலாற்றிலும் இத்தகைய பிழை தொடர்ந்து வந்துளது.

அமெரிக்காவின் பெல் ஆய்வுகூடத்திற் பிறந்த யுனிக்ஸ் என்னும் இயக்க முறைமை, பிடிபி-11 என்ற பொறியிலேயே பெரிதும் வழங்கிற்று. 1977ஆம் ஆண்டில் ஆஸ்திரேலியாவின் வொலொங்கொங் பல்கலைக்கழகத்தில் ரிச்சர்ட் மில்லர் என்பார் அதனை இன்டர்டேட்டா 7/32 என்ற வேறொரு பொறிக்கு மாற்றினார். பிடிபி-11 எண்ணின் சிறிய பகுதியை முதலில் வைப்பது. இன்டர்டேட்டாவோ பெரிய பகுதியை முதலில் வைப்பது. இவ்வேற்றுமையைக் கருதாத நிரலில் "யுனிக்ஸ்" என்பதன் நான்கு ஆங்கில எழுத்துக்களும் இரண்டிரண்டாய் இடம்மாறி, "நுக்சி" என்றாகும். அதனால் இதற்கு நுக்சிச் சிக்கல் என்றே பெயர் வழங்கலாயிற்று.

நம் காலத்தில், சென்னை ஐ.ஐ.டி.யிற் பேராசிரியர் காமகோடி குழுவினர் உருவாக்கிய "சக்தி" செயலி 2018இல் லினக்சை இயக்கிற்று. அது 2010இல் பெர்க்லியிற் தொடங்கிய ரிஸ்க்-ஃபைவ் அமைப்பைச் சார்ந்தது. லினக்சில், இன்டெல் வழிப் பொறிகளில் ஓர் எழுத்திற்குரிய இடம் -128 முதல் 127 வரையான எண்ணை ஏற்கும். ரிஸ்க்-ஃபைவிலோ 0 முதல் 255 வரை. சி மொழியின் விதி இரண்டையும் அனுமதிக்கின்றது. கோப்பின் முடிவைக் காட்டும் -1 என்பதை அவ்விடத்தில் இட்டால், ரிஸ்க்-ஃபைவில் அது 255 ஆகிவிடும், நிரல் முடிவு காணாது ஓடும், சோதனை தவறும்.

பொறியைப் பழிப்பது எளிது. அப்பொறிக்கு மட்டும் சோதனையை நீக்கிவிடுவது அதனினும் எளிது. ஆனால் அதே நிரல் இன்டெல் பொறியிலும் பழுதுடையதே. கோப்பின் நடுவே 255 என்ற எண் வருமாயின், முடிவு வந்ததென எண்ணி அது பாதியில் நின்றுவிடும். அருகிய பொறியில் தவறிய சோதனை, பெருவழக்கான பொறியில் மறைந்திருந்த குற்றத்தையே வெளிப்படுத்துகின்றது. எழுத்திற்குரிய சிற்றிடத்தை விடுத்து முழு எண்ணுக்குரிய இடத்தை வகுத்தால், இரண்டிலும் குறை தீரும்.

நிரல்கள் ஓடாவிடிற் புதிய செயலி வெறும் சிலிக்கன் துண்டே. ஆதலின் கிளிநொச்சி அறிவியல் நகரிற் பொறியியல் பயிலும் மாணவர், தவறிய சோதனையை ஒதுக்காது, அதன் காரணத்தைத் தேடப் பழகுதல் நன்று.