சட்டியில் போடும் மஞ்சள் போதும், மாத்திரையை நிறுத்தாதீர்கள்

மஞ்சள்தூள் இல்லாத அடுப்படி நம் வீடுகளில் கிடையாது. ஆனால் அண்மைக் காலமாக அது கறிச் சட்டியை விட்டு வாட்ஸ்அப்புக்குப் போய்விட்டது. வெறும் வயிற்றில் மஞ்சள் தண்ணீர் குடித்தால் இனிப்புநீர் போய்விடும், இரத்தக் கொதிப்பு இறங்கிவிடும் என்கிறார்கள். அதை நம்பி அரசாங்க கிளினிக்கில் கொடுத்த மாத்திரையை ஒதுக்கி வைப்பவர்களும் இருக்கிறார்கள். இது விபரீதம்.

மஞ்சளுக்கு நிறம் கொடுக்கும் பொருள்களில் முக்கியமானது குர்குமின். மஞ்சள்தூளில் அது சுமார் 3 விழுக்காடுதான். ஒரு தேக்கரண்டித் தூள் ஏறக்குறைய 3 கிராம் என்றால், அதில் குர்குமின் 100 மில்லிகிராம் அளவே. அதிலும் பெரும்பகுதி உடம்பில் சேராமல் வெளியேறிவிடும். தண்ணீரில் அது சரியாகக் கரையாது, எண்ணெயில் கரையும். மிளகில் உள்ள பைப்பரின் அது உடம்பில் சேர உதவுகிறது. மிளகு தட்டிப்போட்ட ரசத்தில் மஞ்சளும் போட்டு, கடைசியில் எண்ணெயில் தாளித்துக் கொட்டும் நம் பாட்டிமார் வழக்கம் பொருத்தமானதுதான்.

நான்கு பேர் குடும்பத்துக்கு, ஒரு சட்டிக் கறிக்குக் கால் முதல் அரை தேக்கரண்டி போதும். வெங்காயம் வதங்கியதும் தீயைக் குறைத்து, தூளை எண்ணெயில் சில விநாடி மட்டும் பிரட்டுங்கள். கருகினால் கசக்கும். பருப்புக்கு வேகும்போதே போடலாம். கடையில் வாங்கும் கறித்தூளில் ஏற்கெனவே மஞ்சள் இருக்கும் என்பதையும் மறக்க வேண்டாம்.

பசாரில் குனிட் என்று கேட்டால் பச்சை மஞ்சள் கிடைக்கும். ஒரு விரல் அளவு தட்டி, சிறு வெங்காயம், மிளகு, சிறிது உப்போடு அரைத்து மீனில் தடவி, வாழையிலையில் சுற்றிச் சுட்டுப் பாருங்கள். இதற்கு எண்ணெய் அதிகம் தேவையில்லை. கீரைப் பொரியலிலும் முட்டைக்கோஸிலும் மஞ்சள் சேர்த்தால் உப்பைக் கொஞ்சம் குறைத்தாலும் ருசி கெடாது. அதற்காக, முங்க முங்க எண்ணெயில் பொரித்த ஆயாம் கோரெங் குனிட், மஞ்சள் இருப்பதாலேயே ஆரோக்கிய உணவாகிவிடாது! சோற்றின் அளவையும் தேங்காய்ப்பாலையும் குறைப்பதுதான் இனிப்புநீர்க்காரர்களுக்கு முதல் வேலை.

வாங்கும்போதும் கவனம் தேவை. வங்காளதேசத்தில் நிறம் பளிச்சென்று தெரிய ஈயம் கலந்த சாயத்தை மஞ்சளில் பூசியதை 2019-இல் ஆய்வாளர்கள் வெளிப்படுத்தினர். ஈயம் பிள்ளைகளின் மூளை வளர்ச்சியைக் கெடுக்கும். அளவுக்கு மீறிப் பளபளக்கும் தூளையும், பெயர் விவரம் இல்லாத பொட்டலத்தையும் தவிருங்கள். பூஜைக்கும் முகத்துக்கும் விற்கும் மஞ்சளைச் சமையலுக்கு எடுக்கவே வேண்டாம்.

மஞ்சள் மாத்திரைகள் வேறு சங்கதி. ஒரு மாத்திரையிலேயே 500 மில்லிகிராம் குர்குமின் இருக்கலாம். இத்தகைய மாத்திரைகளால் அரிதாகக் கல்லீரல் பாதிக்கப்படலாம் என்று ஆஸ்திரேலிய மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2023-இல் எச்சரித்தது. உணவில் சேர்க்கும் அளவை அது குறை சொல்லவில்லை. வார்ஃபரின் போன்ற இரத்தம் உறையாமல் தடுக்கும் மருந்து எடுப்பவர்களும், பித்தப்பையில் கல் உள்ளவர்களும் மருத்துவரைக் கேட்காமல் இவற்றைத் தொடக்கூடாது. ஏற்கெனவே எடுத்துக்கொண்டிருந்தால், அடுத்த முறை கிளினிக்குப் போகும்போது அந்தப் புட்டியையும் கையோடு கொண்டுபோய்க் காட்டுங்கள்.