இராய்கட் கோட்டை

மகாராஷ்டிரத்தில், மகாட் நகருக்கு அருகே, சஹ்யாத்ரித் தொடரினின்றும் ஆழ்ந்த பள்ளத்தாக்குகளால் பிரிந்து தனித்து நிற்கும் மலையின் சிகரத்தில், கடல் மட்டத்திற்கு மேல் ஏறத்தாழ 2,700 அடி உயரத்தில் அமைந்த துர்க்கம். சிவாஜி மகாராஜாவின் தலைநகர். முற்காலத்தில் இராய்ரி எனப்பட்ட இம்மலையை, ஜாவளியை ஆண்ட மோரே வமிசத்தாரிடமிருந்து அவர் 1656-இல் கைப்பற்றினார்.

கோட்டையின் கட்டட வேலையை நடத்தியவர் ஹிரோஜி. இவரது குடிப்பெயரை இந்துல்கர் என்பாரும் இடல்கர் என்பாரும் உளர். அரண்மனையையும் கடைவீதியையும் குளங்களையும் மலைமீது எழுப்பிய அச்சிற்பி, தம் பெயரை ஜகதீசுவரர் ஆலயத்தில், பக்தர்களின் பாதம் படும் படியொன்றில் மட்டுமே பொறித்துச் சென்றார்.

1674 ஜூன் 6-ஆம் நாள், காசியில் வாழ்ந்த காகாபட்டர் வைதிக முறைப்படி நடத்திய சிவாஜியின் பட்டாபிஷேகத்தைப் பற்றியே விரிவான சான்றுகள் கிடைக்கின்றன. கிழக்கிந்தியக் கும்பினியின் தூதராய் வந்து, அடிவாரத்துப் பாச்சாடில் சிலநாள் காத்திருந்து, பின் மலையேறிய ஹென்றி ஆக்ஸிண்டன், சிங்காதனத்தின் இருபுறமும் ஈட்டி முனைகளில் அரச சின்னங்கள் விளங்கியதையும், அவற்றுள் நீதியைக் குறிக்கும் பொற்றராசு ஒன்று தொங்கியதையும் எழுதிவைத்தார். அரண்மனை வாயிலில் நின்ற சிறு யானைகளைக் கண்டபோதோ, மனிதர் ஏறுவதற்கே அரிதான இவ்வழியில் இவற்றை எங்ஙனம் கொணர்ந்தனர் என்று வியந்தார். இன்று படியேறி மூச்சு வாங்க மகாதர்வாஜா வாயிலை அடைவோர்க்கும் அவ்வியப்பு தோன்றாதிராது. விழா முடிந்த சில நாட்களில் அன்னை ஜீஜாபாய் பாச்சாடில் காலமானார். 1680 ஏப்ரலில் சிவாஜியும் இக்கோட்டையிலேயே மறைந்தார்.

அந்தியில் வாயில் அடைபட்டமையால், வீட்டில் விட்டுவந்த குழந்தையை எண்ணிச் செங்குத்தான பாறை வழியே இருளில் இறங்கிய பால்காரி ஹிரகணியின் பெயரால் ஒரு கொத்தளம் வழங்குகிறது. இது கர்ணபரம்பரைக் கதையே எனினும், அவ்விளிம்பில் நின்று கீழே நோக்குவோர் அதனை எளிதில் புறக்கணியார்.

1689-இல் முகலாயர் முற்றுகையிட்டபோது சிவாஜியின் இளைய மகன் இராஜாராம் தப்பிச் சென்று தமிழகத்துச் செஞ்சியைச் சேர்ந்தார். அவ்வாண்டே கோட்டை வீழ்ந்தது. 1733-இல் மராட்டியர் அதை மீட்டனர். 1818 மே மாதத்தில் ஆங்கிலேயரின் பீரங்கித் தாக்குதலில் அரண்மனை எரிந்தது.

புதர் மூடிக் கிடந்த சிவாஜியின் சமாதியை முதலில் கண்டு துலக்கியவர் சமூகச் சீர்திருத்தவாதி ஜோதிராவ் புலே என்பர் ஒரு சாரார். அதனைப் புதுப்பிக்க 1895-இல் திலகர் தொடங்கிய முயற்சியையே முதன்மையாகக் கொள்வர் மற்றொரு சாரார். அருகிலுள்ள, சிவாஜியின் வளர்ப்பு நாய் எனப்படும் வாக்யாவின் நினைவுச் சின்னம் சரித்திர ஆதாரமுடையதா என்பதும் விவாதத்திற்குரியது.

ஏறத்தாழ 1,700 படிகளை ஏற இயலாதோர்க்குக் கம்பிவட ஊர்தி உண்டு. 2025-இல் யுனெஸ்கோவின் உலக மரபுச் சின்னங்களாக ஏற்கப்பட்ட மராட்டியக் கோட்டைகள் பன்னிரண்டனுள், இராய்கட்டும் செஞ்சியும் ஒருங்கே இடம்பெற்றன.