உச்சி மோந்த கதை

ஆங்கிலத்தில் 'நஸில்' என்றால் மூக்கை உரசிக் கொஞ்சுவது. மூக்கைக் குறிக்கும் 'நோஸ்'தான் வேர். 15ஆம் நூற்றாண்டில் அதன் பொருள் தரையில் குப்புறக் கவிழ்வது. கொஞ்சலெல்லாம் பிறகு வந்து ஒட்டியதுதான்.

நம்ம பக்கம் உரசலை விட மோப்பம்தான். உச்சி மோந்து கொஞ்சுவது என்கிறோமே! சிங்களத்திலும் 'இம்பினவா' என்றால் முகர்வது, முத்தமிடுவது இரண்டும்தான். வடமொழி நூல்களில் உள்ள மோப்ப முத்தம் பற்றி 1907இல் வாஷ்பர்ன் ஹாப்கின்ஸ் என்ற அமெரிக்கர் கட்டுரையே எழுதினார்.

அவர் ஏடுகளில் தேடியதை பதுளைத் தோட்டங்களில் நேரிலேயே பார்க்கலாம். மலையிலிருந்து இறங்கி பிள்ளைக்காம்பராவுக்கு வரும் அம்மா, கொழுந்து வாசம் போகாத கையால பிள்ளையத் தூக்கி, முதல்ல உச்சியத்தான் மோந்து பார்ப்பாங்க. துரைமார் காலத்திலிருந்தே செக்ரோலில் பேர் ஏறும், கொழுந்து நிறை ஏறும், இது ஏறாது. உங்க லயத்துல இதுக்கு என்ன சொல்வாங்க?