பத்து ஏக்கர் கணக்கு

1858 இல் அந்தமான் தீவுகளின் போர்ட் பிளேரில் தண்டனைக் குடியிருப்பை நிறுவிய ஆங்கிலேய ஆட்சிக்கு, கைதிகளைக் காப்பது எவ்வளவு பெரிய பாடோ, அவர்களுக்குச் சோறு போடுவதும் அவ்வளவு பெரிய பாடாக இருந்தது. அரிசி கடல் கடந்தே வர வேண்டியிருந்ததால், தண்டனையின் ஒரு பகுதியை நன்னடத்தையோடு கழித்தவர்களுக்குக் காடு திருத்திய நிலத்தைக் கொடுத்து, தம் பிழைப்பைத் தாமே பார்த்துக்கொள்ளும் கைதிகளாக அரசு ஆக்கியது. ஆயினும் நிலத்தின் உரிமையைத் தன்னிடமே வைத்துக்கொண்டது.

உணவுக்குக் கப்பலை நம்புவதை அறவே ஒழிக்காத இந்த ஏற்பாடு எவ்வளவு வலுவற்றது என்பது, 1942 மார்ச் முதல் 1945 அக்டோபர் வரை நீடித்த ஜப்பானிய ஆக்கிரமிப்பில் வெளிப்பட்டது. சரக்குக் கப்பல்களின் வரத்து அறுந்து பட்டினி பரவியபோது, மக்களைக் கட்டாயப்படுத்திப் பயிர்செய்ய வைத்த படையினர், 1945 ஆகஸ்டில் பல நூறு பேரை வேளாண்மைக்கு என்று சொல்லிக் கப்பலேற்றி, ஹேவ்லாக் தீவருகே கடலில் தள்ளினர். பெரும்பாலோர் மூழ்கியும் பசியாலும் மாண்டனர். அக்காலத்தில் உணவுக்காகக் கொண்டுவரப்பட்டதாகக் கூறப்படும் ஆப்பிரிக்கப் பெருநத்தை, காய்கறிப் பாத்திகளை மொட்டையடித்து இன்றும் தீவு விவசாயிகளை வாட்டிவருகிறது.

1949 முதல் இத்தீவுகளில் கிழக்கு வங்காள அகதிகளைக் குடியேற்றிய சுதந்திர இந்தியா, வறுமைக்கும் உணவுத் தட்டுப்பாட்டுக்கும் ஒரே மருந்தாக நிலத்தைக் கருதியது. குடும்பத்துக்குப் பத்து ஏக்கர் என்றும், அதில் பாதி நெல் விளையும் சமவெளி, மறுபாதி வீடும் தோட்டமும் அமையும் மேட்டுநிலம் என்றும் வகுக்கப்பட்ட இத்திட்டம், பின்னர் வடக்கே ரங்கத், மாயாபந்தர், திக்லிபூர் வரை பரவியது. கேரளம், தமிழ்நாடு முதலிய பகுதிகளிலிருந்தும் குடும்பங்கள் வந்தன. காலியிடம் என்று கோப்புகளில் எழுதப்பட்ட காடுகளில் ஒரு பகுதி, அந்தமான் பழங்குடியினரான ஜாரவாக்கள் பன்றி வேட்டையாடியும் தேனெடுத்தும் வாழ்ந்த இடமாகும். அவர்களுடைய உணவு எந்தத் திட்டக் கணக்கிலும் சேரவில்லை.

சமவெளியில் ஊன்றிய நெல், பர்மாவிலிருந்து வந்த 'சி 14-8' என்னும் நெடுங்கால வகையாகும். பகற்பொழுது குறையும்போதே பூக்கும் இயல்புடைய இப்பயிர், உரமோ பராமரிப்போ அதிகம் கேட்காமல் மாட்டுக்கு உயரமான வைக்கோலையும் தந்ததால் விவசாயிகள் அதை விடவில்லை. ஆனால் ஏறத்தாழ ஆறு மாதம் வயலைப் பிடித்துக்கொள்ளும் அந்நெல் ஒருபோகத்தோடு நின்றுவிட, தீவுகளின் அரிசித் தேவையில் பெரும்பகுதி பெருநிலத்தையே நம்பியிருந்தது. அதிகாரிகள் அக்கறை காட்டாத மேட்டுநிலத்தின் தென்னையும் பாக்கும் வாழையுமே பல குடும்பங்களுக்குக் கைச்செலவுக்குப் பணம் கொடுத்தன. தெற்கே நிக்கோபார் தீவுகளின் பழங்குடியினரான நிக்கோபாரிகளோ நெல் பயிரிடாமலே, தாழம்பழக் கூழையும் தேங்காயையும் பன்றியையும் மீனையும் கொண்டு நிறைவாக உண்டனர். அரிசி அவர்களுக்குக் கொப்பரை வணிகத்தின் வழி வந்த பண்டமாகும்.

2004 டிசம்பர் 26 ஆம் நாள் ஆழிப்பேரலையோடு தெற்கு அந்தமானின் தரை ஏறத்தாழ ஒரு மீட்டர் தாழ்ந்தது; சிப்பிகாட் பகுதி வயல்களில் ஓதநீர் நிரந்தரமாகப் புகுந்தது. அதன்பின் போர்ட் பிளேரின் மத்திய வேளாண் ஆராய்ச்சி நிலையம், உவர் தாங்கும் நெல் வகைகளோடு, தாழ்நிலத்தில் அகன்ற மேட்டுப்பாத்தி எழுப்பிக் காய்கறியும், இடைப்பட்ட பள்ளத்தில் நெல்லும் மீனும் வளர்க்கும் முறையைப் பரப்பியது. வயிற்றை நிரப்புவதோடு ஊட்டத்தையும் கருதிய இந்த முறை, முதல் குடியேற்றத்தின்போதே வந்திருக்க வேண்டியதாகும்.